நான் வந்து உட்காராத இலை

கண்ணு, அம்மாதான் எழுதுகிறேன். உறை மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயந்திருப்பாய். ஒன்றுமில்லை, அவர் நன்றாக இருக்கிறார், வீட்டுக்குப் பின்னால் நம் பனியன் கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேல் யாரையோ கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நீ பம்பாய் போன இந்த இரண்டு வருஷத்தில் எனக்கென்று நீ ஒரு கடிதம் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அப்பாவுக்கு எழுதுகிற கடிதத்தின் கடைசியில் ‘அம்மாவையும் விசாரித்ததாகச் சொல்லவும்’ என்று ஒரு வரி இருக்கும். அவர் அதைப் படித்துக் காட்டுவார், நானும் ஏதோ ஊரார் கடிதத்தைக் கேட்கிற மாதிரி “செரி” என்பேன். அவர் குளிக்கப் போனதும் கடிதத்தை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் நாலு தரம் படிப்பேன். போன வாரம் வந்த கடிதத்தில், பொங்கலுக்கு மரகதத்தோடு காங்கேயம் வருகிறேன், மாமனார் வீட்டில் நாலு நாள் இருப்போம், நேரம் கிடைத்தால் திருப்பூருக்கும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். நேரம் கிடைத்தால்! பம்பாயிலிருந்து அத்தனை தூரம் ரயிலில் உட்கார்ந்து வருகிறவனுக்குக் காங்கேயத்திலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் வர நேரம் கிடைக்குமா என்று சந்தேகம். கோபமாகத்தான் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தேன், உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. உன் கல்யாணத்தன்று காலையில் நான் செய்ததற்கு வேறு எவனாக இருந்தாலும் அந்த ஒரு வரியைக்கூட எழுதியிருக்க மாட்டான்.

அன்றைக்கு நான் ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நம் பக்கத்தில் இதையெல்லாம் எந்த அம்மாவும் மகனிடம் சொன்னதில்லை. புருஷனிடமே ஜாடையாகத்தான் சொல்வோம். நீ வெட்கப்பட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. நானே வெட்கத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், படிக்கிற உனக்கு என்ன வந்தது?

எனக்கு நாற்பத்தைந்து நடக்கும்போது ஆரம்பித்தது. அதுவரைக்கும் மாசாமாசம் தேதி தவறியதில்லை. அந்த மூன்று நாளும் அடுப்படிக்கும் சாமி அறைக்கும் போகாமல் பின்னறையில் இருப்பேனே, நீ சின்னவனாக இருக்கும்போது “அம்மாளக் காக்கா தொட்டுருச்சு” என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்வாய். அந்தக் கணக்கு திடீரென்று குலைந்தது. ஒரு மாதம் இருபது நாளிலேயே வந்தது. அப்புறம் இரண்டு மாதம் வரவே இல்லை. எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கிறாய்? மறுபடியும் உண்டாகிவிட்டேனோ என்றுதான். உனக்குப் பெண் தேடச் சொல்லி ஜாதகத்தை வெளியே எடுத்திருந்த நேரம் அது. மருமகளும் மாமியாரும் ஒன்றாக வாந்தி எடுத்தால் ஊர் வழித்துக்கொண்டு சிரிக்காதா? “முருகா, என்ற மானத்தக் காப்பாத்து” என்று தினமும் விளக்குக்கு முன்னால் நின்று அழுதேன். மூன்றாம் மாதம் வந்தது. வந்தது கொஞ்சநஞ்சமாகவா வந்தது? மடிப்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன், சலவையிலிருந்து வந்த வெள்ளை பனியன் சுற்றிலும் மலையாகக் குவிந்து கிடக்கிறது, எழுந்திருக்கவே முடியவில்லை. எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிற வரைக்கும் அசையாமல் அப்படியே இருந்தேன். அன்றிலிருந்து வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் உட்காரவே பயம். நான் மேஜையை விட்டுவிட்டு நின்றபடியே வேலை செய்ததைப் பார்த்து, “அம்மாவுக்கு முதலாளித்தனம் வந்துருச்சுங்கோ” என்று நீ கேலி செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா?

அதோடு போயிருந்தால் சமாளித்திருப்பேன். மனசும் கூடவே கெட்டது. சும்மா இருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பும், கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும், ரவிக்கை நனைந்து போகும். மார்கழிக் குளிரில் தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். கோபம் வந்தால் என்ன பேசுகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் மடிப்பு வேலைக்கு வந்த பெண் ஒருத்தி அளவு மாற்றி அடுக்கிவிட்டாள் என்று பனியன் கட்டையே தூக்கி அவள் மேல் எறிந்தேன். அடுத்த நிமிஷம் அவளுக்கு முன்னால் நானே உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் பாவம், அடி வாங்கினவள் அவள், என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்பா மந்திரிக்கலாம் என்றார். என்னைப் பெற்றவளுக்கு இதே வயசில் இதே மாதிரி வந்தபோது, பேய் பிடித்திருக்கிறது என்று குன்னத்தூரில் வீட்டு வாசலில் உட்கார வைத்து வேப்பிலையால் அடித்தார்கள். அவள் யாரையும் ஒன்றும் சொல்லாமல் அடியை வாங்கிக்கொண்டாள். நானும் உன் பெரியம்மாவும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பைத்தியம் என்று நானே என் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். உடம்பில் நடப்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில்தான் நீ மரகதத்தைப் பற்றிப் பேசினாய். உன் சிநேகிதன் கல்யாணத்தில் பார்த்தேன், காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கிறவர் பெண், நம் வகையறாதான் என்றாய். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் ஒரு குறையும் இல்லை, சத்தியமாக இல்லை. நீ சொன்ன நேரம்தான் வினை. கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம், மிஷின் எல்லாம் நின்று கிடக்கிறது, தகரக் கூரை காய்கிறது, எனக்கு உள்ளேயும் காய்கிறது. நீ பக்கத்தில் நின்று, “அந்தப் புள்ள எந்நேரமும் சிரிச்ச மொகமா இருக்குதும்மா” என்றாய். அவ்வளவுதான். “அப்ப என்ற மூஞ்சி உனக்கு அழுமூஞ்சியாப் போச்சா? அந்தச் சிரிச்ச மொகம் இந்த ஊட்டு வாசப்படி மிதிச்சா நான் இங்க இருக்க மாட்டேன், பாத்துக்கோ” என்று கத்தினேன். அப்பா, மிஷின்காரர்கள், மடிப்புப் பெண்கள் எல்லோரும் கேட்டார்கள். நீ வெளியே போய்விட்டாய். சாயங்காலம் நானே உன்னிடம் வந்து, “நல்ல எடமாத்தான் தெரியுது, போய்ப் பேசிப்போட்டு வரலாம்” என்றேன். நீயும் சிரித்தாய். ஆனால் சொன்ன சொல் எங்கேயும் போகவில்லை, அது அத்தனை பேர் காதிலும் இருந்தது.

பேசி முடித்தோம். முகூர்த்தம் குறிக்கப் பெண்கள் உட்கார்ந்தபோது, பெரியம்மா என் காதருகில் வந்து வழக்கப்படி கேட்டாள்: “ஏம்புள்ள, உன்ற தேதி எப்படி? மாப்பிள்ளைக்கு அம்மா நீ, சீர் சடங்குக்கெல்லாம் நீ நிக்கோணுமே.” அதற்குள் எனக்கு வராமல் ஆறு மாதம் ஆகியிருந்தது. “எனக்கென்ன தேதிக்கா? நின்னே போச்சு. எந்த நாள வேணும்னாலும் வையுங்க” என்றேன். எத்தனை கர்வமாகச் சொன்னேன் தெரியுமா! இனி பின்னறை இல்லை, ஒதுங்கல் இல்லை, என் மகன் கல்யாணத்தில் எல்லாச் சீருக்கும் முன்னால் நிற்கப் போகிறேன் என்று. மரகதத்தின் தேதியை மட்டும் பார்த்து நாள் குறித்தார்கள். நான் செய்த பெரிய தப்பு அதுதான் கண்ணு. நின்றுவிட்டது என்று நானாக முடிவு கட்டினேன். அது நிற்கிற மாதிரி நின்று, திரும்பி வரும் என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. நானும் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று விடிகாலையில் குளித்துப் பட்டுச்சேலை உடுத்தும்போது வந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதல் நாள் முழுக்க நான்தான் விளக்கேற்றினேன், மஞ்சள் இடித்தேன், முகூர்த்தக் காலுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். இப்போது வெளியே போய்ச் சொன்னால் என்ன சொல்வார்கள்? பொண்ணு காலெடுத்து வைக்கிறதுக்கு முன்னாலேயே ஊட்டுக்குத் தீட்டு வந்துருச்சு, அவள் வருகிற நேரம் சரியில்லை என்பார்கள். நாளைக்கு ஒரு மாடு செத்தாலும், மிஷினில் ஒரு ஊசி உடைந்தாலும் அவள் தலையில் விழும். அதனால்தான் சொல்லவில்லை என்று உனக்கு எழுதிவிட்டால் நான் நல்லவளாகிவிடுவேன். ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி என் மானம். நின்னே போச்சு என்று அத்தனை பெண்களுக்கு முன்னால் பெருமை அடித்துவிட்டு, இப்போது எப்படிப் போய்ச் சொல்வது? கம்பெனியில் துணிக்கட்டு அடுக்குகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எந்தக் கட்டின் மேலும் படாமல் நடுவில் வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

வெளியே மிஷின்களை ஒதுக்கிவிட்டுத்தான் அன்றைக்குச் சீர் நடந்தது. பெண் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அம்மாவும் மகனும் ஒரே இலையில் உட்கார்ந்து சாப்பிடுகிற சீர். இனிமேல் உனக்குச் சோறு போட ஒருத்தி வருகிறாள், என் கையால் இதுதான் கடைசி என்று அம்மா பிசைந்து ஊட்டி அனுப்புகிற சீர். நீ பிறந்ததிலிருந்து நான் காத்திருந்தது அந்த ஒரு இலைக்குத்தான். நீ வந்து கதவைத் தட்டினாய். “அம்மா, எலை போட்டாச்சுங்க. வாங்க.” மறுபடியும் தட்டினாய். “எல்லாரும் பாத்துட்டு இருக்காங்கம்மா. எம்மேல கோவம்னா பொறகு அடிச்சுக்கோங்க. இப்ப வாங்க.” நான் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தரம் உன் கை கதவில் வந்து பட்டது மட்டும் கேட்டது. “என்னால முடியாது. பெரியம்மாளக் கூட்டிப் போய் உக்காரு” என்றேன். என் குரல் எனக்கே கல்லாகக் கேட்டது. நீ “செரிங்கம்மா” என்றாய். நீ கத்தியிருந்தால், கதவை உதைத்திருந்தால் தேவலை. அந்தச் ‘செரிங்கம்மா’ இன்றைக்கும் என்னை விடவில்லை.

கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். பெரியம்மா பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து உனக்கு ஊட்ட வந்தாள். நீ முதல் உருண்டையை அவள் கையிலிருந்து உன் கையில் வாங்கி இலையின் ஓரமாகத் தனியாக வைத்துவிட்டு, அடுத்ததைத்தான் வாயில் வாங்கினாய். எனக்கென்று எடுத்து வைத்தாய் என்று எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்காவது தெரிந்ததோ என்னவோ. கார் கிளம்புகிற வரைக்கும் அது இலையிலேயே இருந்தது. அப்புறம் இலையை எடுத்துவிட்டார்கள்.

முகூர்த்தத்துக்கும் நான் வரவில்லை. பிடிவாதக்காரி, சொன்னபடி செய்துவிட்டாள் என்று ஊர் பேசியது. நீயும் அதையே நம்பினாய். மரகதமும் நம்பியிருப்பாள். தாலி கட்டி நீங்கள் திரும்பியதும் வெளியே வந்தேன், இருவரும் காலில் விழுந்தீர்கள், நான் எட்டி நின்று “நல்லா இருங்க” என்றேன். தொட்டால் தீட்டு என்று எட்டி நின்றேன். அவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்! பதினைந்து நாளில் நீ பம்பாயில் பனியன் ஏஜெண்டிடம் வேலை ஒத்துக்கொண்டு டிக்கெட்டைக் காட்டினாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஸ்டேஷனில் ரயில் நகரும்போதுகூட நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

நீங்கள் போனதற்கப்புறம் எனக்கு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் மேஜையடியில் மயங்கி விழுந்தேன். அப்போதுதான் அப்பா நம் வீதி முனையில் இருக்கிற பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, கட்டி எதுவும் இல்லை, ரத்தம்தான் குறைந்திருக்கிறது என்று டானிக் எழுதிக் கொடுத்தார். அங்கே திருநெல்வேலிப் பக்கத்து நர்ஸம்மா ஒருத்தி இருந்தாள், வாய்த்துடுக்குக்காரி. “அக்கா, இது பேயுமில்ல பைத்தியமுமில்ல. நிக்கப் போற காலம். அது ஒரேயடியா நிக்காது, போக்குக் காட்டிக்கிட்டே இருக்கும், சில பேருக்கு வருசக் கணக்கா. அதுகூடத்தான் இந்தச் சூடும் கோவமும் அழுகையும். ஒரு வருசம் முழுசா வராம இருந்தாத்தான் நின்னுட்டுன்னு அர்த்தம். இப்படி அளவுக்கு மிஞ்சிப் போச்சுன்னா இங்க வந்திரணும், வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுல கெடக்கக் கூடாது, கேட்டீயளா?” என்றாள். ஆறு மாதத்தில் நின்றுவிட்டது என்று நான் பெருமை அடித்ததைச் சொன்னேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். இதை ஒருத்தி எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால், பெற்ற மகனோடு ஒரு வாய் சாப்பிட்டிருப்பேனே.

வந்த நாளையெல்லாம் காலண்டரில் குறித்து வைக்கச் சொன்னாள். துணி வெட்டுகிற மேஜையில் கிடக்கும் நீலப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். மனசு கெட்டுப் போகிற நாளுக்கு ஒரு கோடு. ஒரு நாள் அப்பா பார்த்துவிட்டு, “இதென்ன புள்ளி, சரக்கு போற தேதியா?” என்றார். “எனக்குங்க” என்றேன். முப்பது வருஷத்தில் அப்போதுதான் நான் இதைப் பற்றி அவரிடம் நேராக ஒரு வார்த்தை சொன்னது. அவருக்குக் காது சிவந்துவிட்டது. மறுநாள் என் மேஜைக்கு மேலே ஜன்னல் வைக்க ஆளைக் கூட்டி வந்து நின்றார். மடிப்புப் பெண்களிடமும் சொல்லிவிட்டேன், “இன்னைக்கு நான் கத்துனா அது உங்கள இல்ல புள்ளைங்களா, என்ற ஒடம்பத்தான்” என்று. இப்போது அதுகள் காலையில் வந்ததும் “அக்கா, இன்னைக்குக் கோடா புள்ளியா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகின்றன. சாயங்காலம் நொய்யல் கரை வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன். காபியைக் குறைத்துவிட்டேன், ராகிக் கூழ் குடிக்கிறேன். சூடு வருகிறது, வந்தால் போகும் என்று தெரிந்தபிறகு பாதி பயம் போய்விட்டது. அழுகை மட்டும் இன்னும் வருகிறது. அது உடம்பால் வருகிறதா, உன்னால் வருகிறதா என்று நர்ஸம்மாவாலும் சொல்ல முடியவில்லை.

உனக்கு நான் சொல்வதற்கு இருப்பது ஒன்றுதான். மரகதத்துக்கும் ஒரு நாள் இந்த வயசு வரும். அந்தச் சிரித்த முகம் சில நாள் சிரிக்காது. உன் மேல் எதையாவது தூக்கி எறிவாள். அப்போது பைத்தியம் என்ற வார்த்தை உன் வாயில் வரவே கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன பண்ணுது?” என்று கேள். அவள் சொல்ல மாட்டாள், எங்களுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். மறுபடியும் கேள். அன்றைக்கு அந்தக் கதவுக்கு வெளியே வாங்க வாங்க என்று எல்லோரும் கூப்பிட்டீர்கள். என்ன பண்ணுது என்று ஒருவரும் கேட்கவில்லை. உன் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை சாமி. என் அம்மாவை வாசலில் உட்கார வைத்து அடித்தபோது நானும் கேட்கவில்லை.

படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. அவளை எட்ட நிறுத்தி ஆசீர்வாதம் பண்ணினது ஏன் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும். நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் சொல். மாமியார் மருமகளிடம் மன்னிப்புக் கேட்டால் பூமி பிளந்துவிடாது.

பொங்கலுக்கு நீங்கள் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து வீட்டை இப்போதே இரண்டு தரம் கழுவிவிட்டேன். பஸ் ஹாரன் கேட்டால் எழுந்து நிற்கிறேன், தை பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னும் நிற்கவில்லை. காலண்டரைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை, பொங்கலன்றைக்கு வந்தாலும் வரும், வராமலும் போகும். பெரியம்மாவிடம் சொன்னேன். “அப்ப அடுத்த மாசம் வரச் சொல்லி எழுது, எதுக்கு வம்பு” என்றாள். நான் எழுத மாட்டேன். நீ வருகிற நாளில் வா. எனக்குப் புள்ளியாக இருந்தாலும் சரி, கோடாக இருந்தாலும் சரி, நான் எந்த அறைக்குள்ளும் இருக்க மாட்டேன். கூடத்தின் நடுவில் ஒரு இலை போட்டு, பருப்பும் நெய்யும் விட்டு என் கையாலேயே பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் உருண்டையை ஓரமாக எடுத்து வைக்காதே கண்ணு, வாயைத் திற.

அம்மா